ஞாயிறு நீள ஓட்டம்: குழுவோடா, தனியாகவா?

முன்னீர்பள்ளத்தான்

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் சென்னையில் என் முதல் முழு மாரத்தான். நாலரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பது ஆசை. வார நாட்களில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஊருக்குள்ளேயே தனியாக ஓடிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் மட்டும் பாளையங்கோட்டையில் ஒரு குழுவோடு.

நல்ல மனிதர்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வேகம் ஒத்துப்போகவில்லை. "இன்னைக்கு ஈஸிதான்" என்று சொல்லித்தான் கிளம்புகிறோம். வ.உ.சி. மைதானத்தைத் தாண்டும்போது கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம். வண்ணாரப்பேட்டை வருவதற்குள் யாராவது இரண்டு பேர் முன்னால் போக, மற்றவர்கள் பிடிக்க, ஆறரைக்கு வந்துவிடும். அப்புறம் கடைசி வரை அதே வேகம்தான். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மாடிப்படி இறங்க முடியவில்லை.

அடுத்து 26, 28 கிலோமீட்டர் ஓட வேண்டிய வாரங்கள் வருகின்றன. அதைத் தனியாக ஓடலாமா என்று யோசனை. எங்கள் ஊரிலிருந்து தருவை, மேலச்செவல், பத்தமடை வழியாகச் சேரன்மகாதேவிப் பக்கம் போய்த் திரும்பினால் தூரம் கிடைத்துவிடும். வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். இருட்டு, நாய், லாரி என்று அவர்களுக்கு மூன்று பயம். இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பாளை அண்ணாச்சி

தம்பி, குழுவை விட வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

ஞாயிறு அதிகாலை 4 மணிக்குப் படுக்கையை விட்டு எழ வைப்பது அலாரம் இல்லை. நாலு பேர் மைதானத்து வாசலில் நிற்பார்கள் என்ற நினைப்புதான் எழுப்பும். சனிக்கிழமை ராத்திரி கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்திருப்போம். வெளியே லேசாகத் தூறும். தனியாக ஓடுகிறவன் போர்வையை இழுத்துக்கொள்வான். குழுவில் இருப்பவன் ஷூவை மாட்டுவான். ஆரம்பத்தில் ஆர்வமாக வந்து, பிறகு "நான் தனியா ஓடிக்கிடுதேன் அண்ணாச்சி" என்று ஒதுங்கினவர்களில் பலர் ஓட்டத்தையே விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அடுத்தது தண்ணீர். எங்கள் ஆட்களில் ஒருவர் முறை வைத்து பைக்கில் வருவார். கேனில் தண்ணீர், ஒரு சீப்பு வாழைப்பழம், கடலை மிட்டாய், எல்லாம் இருக்கும். தனியாகப் போனால் நீங்களே சுமக்க வேண்டும். போன வருடம் கால்வாய்க் கரையில் எங்களோடு ஓடிய ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. இரண்டு பேர் தோள் கொடுத்துச் சாலைக்குக் கொண்டு வந்தோம். அந்த இடத்தில் அந்த நேரத்தில் ஒரு ஈ காக்கை கிடையாது.

கென்யாவின் மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் முழு மாரத்தான் தூரத்தை 1:59:40-ல் ஓடினாரே, தனியாகவா ஓடினார்? 41 பேர் மாற்றி மாற்றி முன்னும் பின்னும் ஓடினார்கள். அவருக்கே துணை வேண்டியிருந்தது.


கடைசி கிலோமீட்டர்

அண்ணாச்சி, அந்த 41 பேரும் கிப்சோகேக்கு வேண்டிய வேகத்தில் ஓடினார்கள். தம்பியின் பிரச்சினை அதற்கு நேர் எதிர். குழுவுக்கு வேண்டிய வேகத்தில் அவர் ஓடிக்கொண்டிருக்கிறார்.


அம்பை வாத்தியார்

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். லாங் ரன்னைத் தனியாகத்தான் ஓடுகிறேன். அண்ணாச்சி சொன்னது எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தம்பி கொடுத்த கணக்கை முதலில் பாருங்கள்.

நாலரை மணி நேரம் என்றால் 270 நிமிடம். அதை மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 வினாடி. குழு ஓடுவது ஆறரையில். அதாவது தம்பி ஜனவரியில் ஓட வேண்டிய மாரத்தானை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஓடிக்கொண்டிருக்கிறார். லாங் ரன்னுக்குப் பந்தய வேகத்தை விட ஒரு நிமிடம், முதல் மாரத்தான் என்றால் அதற்கும் கொஞ்சம் மேலேயே, மெதுவாகப் போவதுதான் முறை. ஏழரையில் ஓட வேண்டியவர் ஆறரையில் ஓடினால் மாடிப்படி இறங்க முடியாமல்தான் போகும்.

மெதுவாக ஓடுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. நம் தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரை, வேகமாக ஓடினால் இரண்டு மணி நேரத்தை ஒட்டித் தீர ஆரம்பித்துவிடும். மெதுவாக நீண்ட நேரம் ஓடும்போதுதான் உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்கப் பழகும். தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகும். தசைநார்களும் எலும்பும் மூன்று மணி நேர அடியைத் தாங்கப் பழகும். மூச்சு வாங்க ஓடினால் இந்த வேலை கூடுதலாக நடந்துவிடாது, களைப்புதான் கூடும்.

இதைக் குழுவில் ஏன் செய்ய முடிவதில்லை? யாரும் வேண்டுமென்று வேகத்தைக் கூட்டுவதில்லை. பக்கத்தில் ஒரு காலடி கேட்டால் நம் கால் தானாக அதோடு சேர்ந்துகொள்ளும். பேச்சு சுவாரசியத்தில் மூச்சு ஏறுவது தெரியாது. 18, 20 கிலோமீட்டர் வரை சுகமாகவே இருக்கும். பிறகு ஒரேயடியாகத் தெரியும்.

தனியாக ஓடினால் பேசிப் பார்த்து வேகத்தைச் சோதிக்க ஆள் இல்லையே என்பார்கள். நான் ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். இரண்டு வரிக்கு ஒரு மூச்சு என்று போனால் சரியான வேகம். ஓரேழ் ஏழிலேயே மூச்சு இழுத்தால் உடனே குறைத்துவிட வேண்டும். வாட்ச் இல்லாத காலத்திலிருந்து இதுதான் என் அளவுகோல். இன்றைக்குக் கையில் வேகம் காட்டுகிற கார்மின் வாட்ச் இருந்தாலும் இதைத்தான் முதலில் நம்புவேன்.

இன்னொன்று. மாரத்தானில் ஆயிரக்கணக்கானவர்கள் சுற்றி ஓடினாலும் 32-வது கிலோமீட்டருக்குப் பிறகு யாருக்கும் யாரும் துணை இல்லை. அவரவர் கால் அவரவருக்கு. "நடந்தால் என்ன?" என்று மனசு கேட்கும், அதற்குப் பதில் சொல்லப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் தனியாக ஓடும் 22, 23-வது கிலோமீட்டரில்தான் வரும். நான் தனி ஓட்டத்தை இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான்.

சாலையைப் பற்றி: உங்கள் ஊரிலிருந்து சேரன்மகாதேவி போவது மேற்கு நோக்கி. காலையில் போகும்போது வெயில் முதுகில், திரும்பும்போது முகத்தில். களைத்திருக்கும் நேரத்தில் நேர் எதிர் வெயில். நெற்றியை மறைக்கிற தொப்பி கட்டாயம். ஆனி, ஆடியில் என்றால் போகும்போது மேல்காற்று எதிரே அடிக்கும், திரும்பும்போது தள்ளிவிடும். அது சுகம் என்று நினைப்பார்கள். காற்று நம்மோடு சேர்ந்து வந்தால் வியர்வை காயாது, உடம்பு சூடாகும். அந்தக் காற்றில் மட்டும் குழு நல்லது, ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கி ஓடலாம்.


பாளை அண்ணாச்சி

வாத்தியார் ஐயா, கணக்கு சரி. வேகத்தை நாங்கள் கட்டுப்படுத்துவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 28 கிலோமீட்டரை ஆறரையில் ஓடினால் 182 நிமிடம். ஏழரையில் ஓடினால் 210. ஏறக்குறைய அரை மணி நேரம் கூடுகிறது. நம் ஊரில் அந்த அரை மணி நேரம் வெயிலில்தான் போய் விழும். புரட்டாசி வெயில் ஏழரை மணிக்கே என்ன பாடு படுத்துகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

வெயிலுக்குத் தப்ப வேண்டும் என்றால் நாலு மணிக்கே ஓட ஆரம்பிக்க வேண்டும். நாலு மணிக்குத் தருவைச் சாலையில் தனியாக ஒரு ஆள். வீட்டில் பயப்படுவதில் என்ன தப்பு?


மகாராஜநகர் ஓட்டக்காரி

இங்கே பேசுகிறவர்கள் எல்லாம் ஆண்கள் என்று நினைக்கிறேன். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் குழுவும் சரியாக அமையவில்லை, ஊருக்கு வெளியே தனியாகவும் போக முடியாது. பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்தார்கள், ஒருவருக்கு மாற்றல், ஒருவருக்குக் குழந்தை. என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கூடவே வருகிறேன் என்றார். இரண்டு மூன்று வாரம் வந்தார். பின்னால் ஒரு வண்டி உறுமிக்கொண்டே வர, "போதுமா, இன்னும் எவ்வளவு?" என்று யாரோ கேட்டுக்கொண்டே வருவது போல் இருந்தது எனக்கு. அவருக்கும் தூக்கம் கெட்டது.

பிறகு நான் கண்டுபிடித்த வழி இதுதான். தூரம் போகவில்லை. மகாராஜநகர், தியாகராஜநகர், பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி என்று தெருக்களைக் கோத்து ஒரு சுற்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சுற்றிலும் வீட்டைத் தாண்டுவேன். கேட்டுக்குப் பக்கத்தில் சுவர் மேல் தண்ணீர் பாட்டில். விளக்கு எரியாத தெருவுக்குள் போவதில்லை. பால் வண்டி வரும் நேரம், வாசல் தெளிக்கும் நேரம் எல்லாம் எனக்குத் தெரியும், அவர்களுக்கு என்னைத் தெரியும். ஒரு நாள் நான் வரவில்லை என்றால் மறுநாள் "ஏ தாயி, நேத்து எங்கெ காணல?" என்று கேட்கிற ஆச்சி இருக்கிறார். மூணு மணி நேரம் தனியாகத்தான் ஓடுகிறேன், ஆனால் ஆள் இல்லாத இடத்தில் இல்லை. தனியாக ஓடு என்று பெண்களுக்குச் சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

சுற்றி வருவது அலுக்கும் என்பார்கள். முதல் ஒரு மணி நேரம் அலுக்கும். அதற்கப்புறம் அதுவே பிடித்துப்போகும். எந்த வளைவில் காற்று வரும், எந்தத் திருப்பத்தில் மல்லிகை வாசனை வரும் என்று கால் எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும்.

வாட்ஸப்பில் நேரடி இருப்பிடத்தை 8 மணி நேரத்துக்குப் பகிரலாம். அதை அம்மாவுக்கும் அவருக்கும் போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். ஓட்டத்தைப் பதிவு செய்கிற ஸ்ட்ராவா செயலியில் யார் வேண்டுமானாலும் நம்மைப் பார்க்கிற மாதிரி வைக்காதீர்கள், வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கிற வசதி அதில் இருக்கிறது. காவல் உதவி செயலியும் போனில் இருக்கட்டும். காதில் பாட்டு மட்டும் வேண்டாம். இருட்டில் நமக்குக் கண்ணை விடக் காதுதான் முக்கியம்.


பேட்டை டாக்டர்

தனி ஓட்டத்தில் என் பெரிய பயம் நாயும் இல்லை, லாரியும் இல்லை. வெப்பத் தாக்குதான்.

உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது முதலில் குழம்புவது மூளை. பேச்சு குழறும், நடை தள்ளாடும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். கூட ஓடுகிறவர் இருந்தால் "என்னவே, ஒரு மாதிரி பேசுதீரு?" என்று கேட்டு நிழலில் உட்கார வைத்துவிடுவார். தனியாக ஓடுகிறவருக்குத் தன் மூளை குழம்புவது தனக்கே தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் அண்ணாச்சி பக்கம்தான் நான். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்ற பேச்சையும் நம்பாதீர்கள். ஓடும்போது வரும் வெப்பத் தாக்கில் கொட்டக் கொட்ட வியர்த்துக்கொண்டே விழுகிறவர்கள் உண்டு.

ஆகவே தனியாக ஓடுகிறவர்கள் முடிவை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ, தலை சுற்றினாலோ, குமட்டினாலோ அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். யாராவது விழுந்து கிடப்பதைப் பார்த்தால் 108-க்கு அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்காமல் நிழலுக்கு இழுத்து, தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தண்ணீர் எவ்வளவு குடிப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். மூன்று மணி நேரம் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகும். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கிற அளவுக்கே கரையுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குடிப்பதைப் பார்க்கிறேன், வயிற்றைப் புரட்டும். கூடவே மணிக்கு 30 கிராமிலிருந்து 60 கிராம் வரை மாவுச்சத்து வேண்டும். ஓட்டக்காரர்களுக்கென்று பாக்கெட்டில் விற்கிற ஜெல்தான் வேண்டும் என்றில்லை. வாழைப்பழம், பேரீச்சம்பழம், கருப்பட்டித் துண்டு எது வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதோ அது. கடலை மிட்டாயை ஓடி முடித்தபின் வைத்துக்கொள்ளுங்கள், கடலையில் உள்ள கொழுப்பு ஓடும்போது சீக்கிரம் செரிக்காது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் தனியாக நீண்ட தூரம் போகவே கூடாது. சட்டைப் பையில் பெயர், ரத்த வகை, வீட்டு எண் எழுதிய ஒரு சீட்டு எல்லோருக்கும் வேண்டும். போன் பூட்டியிருந்தால் யாருக்கும் உதவாது.


வள்ளியூர் காற்று

நாய்க்கு ஒரு வார்த்தை. துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, அதைப் பார்த்தபடி, கையைக் கீழே வைத்து மெதுவாக நடந்து அதன் எல்லையைத் தாண்டுங்கள். குனிந்து கல் எடுக்கிற பாவனையிலேயே பாதி நாய்கள் ஒதுங்கும். நான்கு வழிச்சாலை பற்றியும் சொல்ல வேண்டும். ரெட்டியார்பட்டி மலைப் பக்கம் சாலை அகலமாக, அழகாக இருக்கிறது என்று சிலர் இருட்டில் ஓடுகிறார்கள். ஓட்டுநருக்குத் தூக்கம் சொக்குகிற நேரம் அது. தயவு செய்து வேண்டாம்.


பேட்டை டாக்டர்

நாய் பல் பட்டுவிட்டால், சின்னக் கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்க வேண்டும். தவணைகளை நடுவில் விடக்கூடாது.


முன்னீர்பள்ளத்தான்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அக்கா எழுதியதைப் படித்தபின் ஒன்று தோன்றுகிறது. தனிமையும் இருட்டும் சேர்ந்து வர வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. இருட்டில் ஊருக்குள் ஓடிவிட்டு, வெளிச்சம் வந்தபின் சாலைக்குப் போனால்?


அம்பை வாத்தியார்

அதுதான் சரியான யோசனை. முன்னீர்பள்ளத்திலிருந்து போய்த் திரும்புவதை விடுங்கள். பைக்கில் பாளைக்கு வந்து, 4 மணிக்கு அங்கே ஆரம்பியுங்கள். இரண்டு மணி நேரம் தெரு விளக்கு வெளிச்சத்தில் சுற்றுங்கள், ஏழரை வேகத்தில் 16 கிலோமீட்டர் ஆகிவிடும். 6 மணிக்குக் கண் தெரிகிற வெளிச்சம் வந்திருக்கும். அப்போது மேலப்பாளையம் வழியாக உங்கள் ஊரைப் பார்த்து ஓடுங்கள். தூரம் குறைந்தால் தருவை வரை போய்த் திரும்பி நிரப்பிக்கொள்ளலாம். சாலையின் வலது பக்கம், எதிரே வருகிற வண்டி தெரிகிற மாதிரி. ஓட்டம் உங்கள் வீட்டு வாசலில் முடியும். வீடு பக்கத்தில் வர வர வெயில் ஏறும், அது பரவாயில்லை.

பிசானம் அறுவடைக் காலத்தில் அந்தச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள், ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். நெல்லின் மேல் கால் படாமல் சுற்றிப் போங்கள். அவர்கள் பாடு அது.


பாளை அண்ணாச்சி

இதற்கு நான் முழு சம்மதம். பைக்கை என் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் தம்பி, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு மணி நேரம் ஏழரை வேகத்தில் ஓட எங்கள் குழுவிலேயே ஆள் இருக்கிறது. முழங்கால் வலியால் பின்தங்குகிறவர்கள் இரண்டு பேர், வெட்கப்பட்டு வராமல் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுகிறேன். மேலப்பாளையம் தாண்டியபின் நீங்கள் தனியாகப் போங்கள். தண்ணீர் பைக் உங்களுக்காக ஒரு தடவை அந்தப் பக்கம் வந்துவிட்டுத் திரும்பும்.

குழுவின் வேகத்தைப் பற்றி வருகிற வாரம் எல்லோரிடமும் பேசுகிறேன். மெதுவாக ஓட வருகிறவரை நாங்களே விரட்டுகிறோம் என்றால் அது குழுவுக்கு அழகில்லை.


முன்னீர்பள்ளத்தான்

ஞாயிற்றுக்கிழமை ஓடி முடித்துவிட்டு எழுதுகிறேன். 26 கிலோமீட்டர், சராசரி 7:34. பாளையில் கூட வந்த இருவரும் பேசிக்கொண்டே வந்ததால் நேரம் போனது தெரியவில்லை. மேலப்பாளையம் தாண்டித் தனியான பிறகு முதல் கொஞ்ச தூரம் சிரமமாக இருந்தது. வாய்ப்பாடு சொன்னேன். தருவைக்கு முன்னால் வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மண்வெட்டியை ஊன்றி நின்று பார்த்தார். "எய்யா, பஸ்ஸு போயிட்டா?" என்று கேட்டார். இல்லை தாத்தா, ஓடிப் பழகுகிறேன் என்றேன். சரி சரி, பைய போ என்றார். அதற்கப்புறம் வேகம் தானாக அடங்கிவிட்டது.

எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது, டாக்டர். இடையில் முக்கால் லிட்டர் குடித்தேன். இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை மாடிப்படியில் ஒரு தொந்தரவும் இல்லை.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் லாங் ரன்னை என்ன செய்வது?


அம்பை வாத்தியார்

மழைக்காக ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், இடிக்காக நிறுத்துங்கள். வடகிழக்குப் பருவமழையில் நம் பக்கம் இடி மின்னல் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான், அதிகாலை தப்பிக்கலாம். மின்னல் கண்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். வெட்டவெளி வயல் சாலையில் அப்போது போகவே வேண்டாம், அன்றைக்கு முழுத் தூரமும் பாளைத் தெருக்களிலேயே. தண்ணீர் தேங்கி அடி தெரியாத இடத்தில் கால் வைக்காதீர்கள். ஆற்றில் வெள்ளம் திறந்துவிட்ட நாட்களில் கால்வாய்க் கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். தொடையிடுக்கிலும் அக்குளிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கிளம்புங்கள், நனைந்த துணி மூன்று மணி நேரம் உரசினால் தோல் உரிந்துவிடும்.


மகாராஜநகர் ஓட்டக்காரி

ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள் தம்பி. வெயிலில் காயப்போட்டால் பசை விட்டுவிடும். அப்புறம் அண்ணாச்சி, அந்த ஏழரை வேகக் கூட்டத்தில் பெண்களுக்கும் இடம் உண்டா? எங்கள் தெருவில் இரண்டு பேர் கேட்கிறார்கள்.


பாளை அண்ணாச்சி

உண்டும்மா. ஞாயிறு 4 மணி, மைதானத்தின் கிழக்கு வாசல். அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், என் வீட்டுக்காரியும் நடக்க வருகிறாள்.